ரவா இட்லியும் ஒரு யுத்தமும்

டில்லிக்கு வந்த புதிதில் இட்லி அரிசி கிடைக்காமல் தங்கமணி ரவா இட்லி செய்தார். "அரைக்காத, புளிக்காத இதெல்லாம் ஒரு இட்லியா?" என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டேன். அதன் கதை தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் உலகப்போர் சமயம். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும், அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. தென்னிந்தியா முழுக்கத் தட்டுப்பாடு. இட்லி போட அரிசி இல்லாத ஹோட்டல் என்ன செய்யும்? 1924-ல் தொடங்கிய பெங்களூர் எம்.டி.ஆர்.காரர்கள் ரவையைத் தயிரில் கலந்து, தாளித்துக் கொட்டி, இட்லித்தட்டில் ஊற்றிப் பார்த்தார்களாம். ரவா இட்லி பிறந்தது அப்படித்தான் என்பது அவர்கள் சொல்லும் கதை.

யுத்தம் முடிந்தது, அரிசியும் வந்தது. ரவா இட்லி மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். இப்போது இங்கேயே இட்லி அரிசி கிடைக்கிறது; ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கேட்பதோ ரவா இட்லி!

உங்கள் வீட்டில் 'இல்லாமையில்' பிறந்த பலகாரம் எது?