இரத்தத்தின் வருகைப் பதிவேடு



தலைமையாசிரியனாக இருந்த எனக்கு வருகைப் பதிவேட்டைப் பார்வையிடுவது பல்லாண்டுப் பழக்கம். எத்தனை பேர் வந்தனர் என்பதைவிட, யார் வரவில்லை என்பதே அதில் முக்கியம். மருத்துவ விஞ்ஞானம் மனித இரத்தத்தில் அத்தகைய பதிவேடு ஒன்றை எழுதிய வரலாற்றை இன்று கூறுகிறேன்.

வெள்ளையணுக்களில் ஒரு வகை நிணநீரணுக்கள். உருப்பெருக்கியில் அவை யாவும் ஒரே சாயலாகத் தோன்றும், தொழிலோ வேறு. 1970ஆம் ஆண்டையொட்டி அவற்றைச் செம்மறியாட்டின் சிவப்பணுக்களோடு கலந்து பார்த்தனர். சிலவற்றைச் சுற்றி மட்டும் ஆட்டின் அணுக்கள் பூவிதழ்போல் ஒட்டின. அவையே 'டி' அணுக்கள். ஆயினும் அவற்றுள், ஏனைய அணுக்களைப் போருக்கு ஏவும் 'உதவி அணுக்கள்' எவை என்பதை அம்முறை காட்டவில்லை.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டீன் என்னும் இருவர், ஒரே குறியை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்க வழி கண்டனர். அதில் ஒளிரும் சாயம் ஏற்றி இரத்தத்தோடு கலந்து, அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிட்டால், குறியுடையவை மட்டும் ஒளிரும், கருவி எண்ணிக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டில் ஹெர்சன்பெர்க் குழுவினர் அக்கருவியை முன்பே அமைத்திருந்தனர்.

1981இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இளைஞர் ஐவருக்கு அரிய நுரையீரல் நோய் கண்டது. டாக்டர் காட்லீபும் அவர் குழுவினரும் இத்தகைய நோயாளரின் இரத்தத்தைச் சோதித்தபோது உதவி அணுக்கள் ஏறக்குறைய மறைந்திருந்தன! எச்.ஐ.வி. கிருமி பாரிஸில் கண்டறியப்பட்டதோ 1983இல்தான். கள்வன் அகப்படுமுன்பே களவு போனது இன்னதென்று தெரிந்துவிட்டது. அவ்வணுவின் 'சி.டி.4' என்னும் குறியே கிருமி நுழையும் வாயில் என்பது 1984இல் புலனாயிற்று.

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில், நலமுள்ளவருக்குச் சுமார் 500 முதல் 1500 வரை இவ்வணுக்கள் உண்டு. 200க்குக் குறைந்தால் அது எய்ட்ஸ் நிலை என 1993இல் அமெரிக்கா வகுத்தது. மருந்து வந்த பின்னர், அந்த எண்ணே வாயிற்காவலனாயிற்று. இந்தியாவில் 2004இல் இலவச மருந்து தொடங்கியபோதும், நோய்க்குறி தோன்றாதவர் எண்ணிக்கை இறங்கும்வரை காத்திருக்க நேர்ந்தது. உடல் மேலும் நலிந்தால்தான் மருந்து என்பது எத்துணைக் கொடிய காத்திருப்பு!

உலக சுகாதார நிறுவனம் அவ்வெல்லையை 2010இல் 350ஆகவும், 2013இல் 500ஆகவும் உயர்த்தியது. 35 நாடுகளில் 4,600க்கு மேற்பட்டோரிடம் நிகழ்ந்த ஆய்வு, தாமதமின்றி மருந்து தொடங்கியவர்க்கே நன்மை மிகுதி என 2015இல் காட்டிற்று. அவ்வாண்டே எல்லை நீங்கியது. இந்தியா 2017இல் அதனை ஏற்றது. இன்று அச்சோதனை, பெரிதும் நலிந்தோரை அறிந்து, காசநோய் முதலியவற்றினின்று காக்கவே முதன்மையாக உதவுகிறது.

நண்பர்களே, பதிவேடு வராத பிள்ளையைத் தேடிச் செல்வதற்கே, பெயரை அடித்துவிடுவதற்கன்று. அளவைகள் யாவற்றுக்கும் இது பொருந்தும்.