கையில் போட்ட வென்ஃப்ளானில் நர்ஸ் ஏன் அடிக்கடி சலைன் ஏத்துறாங்க? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனதும் கையில் பொருத்தும் சின்ன பிளாஸ்டிக் குழாய்தான் வென்ஃப்ளான். மருந்து போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நர்ஸ் அதில் இன்னொரு சிரிஞ்சை வைத்து எதையோ ஏற்றுவார். அதுதான் ஃப்ளஷ்.

சிரிஞ்சில் என்ன இருக்கு?

நார்மல் சலைன். அதாவது, 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு கலந்த, கிருமி நீக்கிய தண்ணீர். ஏற்றும்போது நரம்பு ஜில்லென்று இருப்பதும், சிலருக்கு வாயில் உப்புச் சுவை தெரிவதும் சகஜம். பயப்பட வேண்டாம்.

எதுக்காக?

* அடைப்பு: குழாய்க்குள் ரத்தம் உறைந்தால் மருந்து போகாது. மறுபடி குத்த வேண்டியதுதான்.

* மருந்துகள் கலப்பது: செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் குழாயில் சேர்ந்தால் துகள்களாகத் திரியும். அதனால் நடுவில் கழுவியே ஆக வேண்டும். பச்சிளம் குழந்தைகளுக்கு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

* மிச்ச மருந்து: ஆபரேஷனில் கொடுத்த மயக்க மருந்து, தசைகளைத் தளர்த்தும் மருந்து குழாயில் கொஞ்சம் தங்கிவிடலாம். வார்டுக்கு வந்தபிறகு வேறு மருந்து போடும்போது அதுவும் உள்ளே போனால் மூச்சே நின்றுவிடும் ஆபத்து உண்டு. இங்கிலாந்தின் என்.எச்.எஸ். இதற்காக 2014, 2017 என இரண்டு முறை எச்சரிக்கை வெளியிட்டது.

ஹெப்பாரின் வேண்டாமா?

ரத்தம் உறையாமல் இருக்க முன்பு ஹெப்பாரின் ஏற்றுவது வழக்கம். இப்போது பெரியவர்களின் கை வென்ஃப்ளானுக்கு சலைனே போதும் என்கிறார்கள் மருத்துவர்கள்.

எப்போ உடனே சொல்லணும்?

மருந்துக்கு முன் ஏற்றும் சலைன் ஒரு டெஸ்ட் மாதிரி. குழாய் நரம்புக்குள் சரியாக இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அப்போது வலி, எரிச்சல், வீக்கம் இருந்தால் பொறுத்துக்கொள்ளாதீங்க, சொல்லிடுங்க. மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் சில மருந்துகள் சதையையே புண்ணாக்கிவிடும். குத்திய இடம் சிவந்து சூடாக இருந்தாலும் சொல்லணும்.

அடைத்த குழாயில் அழுத்தி ஏற்றக் கூடாது. கூட இருப்பவர்கள் தாங்களே ஃப்ளஷ் பண்ணவும் கூடாது. ஒருவருக்குப் பயன்படுத்திய சிரிஞ்சு இன்னொருவருக்கு வேண்டவே வேண்டாம். சிரிஞ்சு செருகும் முனையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்களா என்று பாருங்க. இல்லைன்னா தயங்காம கேளுங்க.