சோமெய் யோஷினோ: பெயருக்குள் சில ஊர்கள்

ஜப்பானில் சாலையோரம், ஆற்றங்கரை, பள்ளி வாசல் என எங்கும் வெளிறிய இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும் செர்ரி மரம் பெரும்பாலும் ஒரே வகைதான். அதன் பெயர் சோமெய் யோஷினோ. இரண்டும் ஊர்ப்பெயர்கள். ஒன்று விற்ற ஊர். மற்றது புகழை மட்டும் கடன் கொடுத்த ஊர்.

யோஷினோ, நாரா மாநிலத்து மலைப்பகுதி. 12ஆம் நூற்றாண்டுத் துறவிக் கவிஞர் சைக்யோ மனம் தோய்ந்து பாடிய மலை. சாகுரா (செர்ரி) என்றால் யோஷினோ என்பது ஜப்பானியருக்குப் பல நூற்றாண்டு வழக்கு. எடோ காலத்தின் இறுதியில், எடோ நகரை ஒட்டிய சோமெய் கிராமத்து நாற்றுப்பண்ணைக்காரர்கள் ஒரு புது மரத்தை 'யோஷினோசாகுரா' என்று சொல்லி விற்றார்கள். மலையின் பேர் நாற்றை விற்றுக் கொடுத்தது.

ஆனால் மலையில் இருப்பது யமாசாகுரா, அதாவது மலைச் செர்ரி. ஒரு கிளையைக் கையில் பிடித்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். மலைச் செர்ரியில் செம்பழுப்புத் தளிரும் பூவும் சேர்ந்தே விரியும். பூக்காம்பு வழுவழுவென்று இருக்கும். பண்ணை மரத்திலோ முதலில் பூ மட்டுமே. காம்பில் மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். டோக்கியோவின் உயேனோ பூங்கா மரங்களை ஆராய்ந்த ஆய்வாளர் ஃபுஜினோ, இரண்டும் வேறு என்று கண்டு, 1900இல் பெயரின் முன்னால் 'சோமெய்' என்பதைச் சேர்த்தார். உழைத்த ஊருக்கு அப்போதுதான் இடம் கிடைத்தது.

மறு ஆண்டே தாவரவியலாளர் மத்சுமுரா இட்ட அறிவியல் பெயர் புரூனஸ் யெடோயென்சிஸ். யெடோ என்பது எடோவேதான். அந்நகரம் டோக்கியோ ஆனது 1868இல். மரத்தின் பெயரில் பழைய நகரம் இன்னும் இருக்கிறது. இம்மரம் கலப்பினமாக இருக்கலாம் என்று 1916இல் தாவரவியலாளர் வில்சன் கருதினார். பெற்றோராக அவர் சுட்டிய எடோஹிகன், ஓஷிமா ஆகிய இரு செர்ரிகளின் பெயரிலும் ஊர் உண்டு. பின்னாளைய ஆய்வுகள் அந்தக் கருத்தை வலுப்படுத்தின.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. இந்த மரம் தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை, ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள். ஆகவே ஊரெல்லாம் நிற்பவை ஒரே மரத்தின் படிகள். மரபணு ஆய்வும் அதையே காட்டியது. இலக்கணப்படி சொன்னால், பொதுப்பெயர் போல் ஒலிக்கும் சோமெய் யோஷினோ உண்மையில் ஒரு தனிமரத்தின் சிறப்புப்பெயர்.

1912இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அளித்த 3,020 மரங்களில் இதுவே அதிகம். ஆங்கிலத்தில் அதை 'யோஷினோ செர்ரி' என்று சுருக்கிவிட்டார்கள். ஃபுஜினோ நீக்கிய குழப்பம் அப்படியே திரும்பிவிட்டது. சோமெய் கிராமமும் இன்று தனி ஊராக இல்லை, டோக்கியோவின் கொமகொமே பகுதியில் கரைந்துவிட்டது. தமிழில் எழுதுவோராவது பெயரை முழுதாக எழுதுங்கள்: சோமெய் யோஷினோ.