காரீயம் போய்ப் பென்சில் வந்த பாதை

பதுளை டவுனின் புத்தகக் கடைகளில் பிள்ளைகள் பென்சில் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் பாடத்துக்கு வாங்க வந்த பிள்ளை, கையில் கிடைத்த எச்.பி.யை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடும். சாதாரண தரத்தில் சித்திரப் பாடம் எடுத்த பிள்ளை அவ்வளவு லேசில் போகாது. 2பி இருக்கா, 6பி இருக்கா என்று கேட்கும். கடதாசியின் இரண்டு பக்கத்தையும் விரலால் தடவும். அழிறப்பரை நகத்தால் அமுக்கிப் பார்க்கும். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ வந்த அந்தப் பிள்ளை பார்த்துப் பார்த்துத் தெரிகிற பொருட்கள் சீனா, பிரேசில், ஜெர்மனி, அமெரிக்கா என்று சுற்றி வந்தவை. வழியில் இந்தத் தீவையும் ஊவா மலைகளையும் தொட்டுக்கொண்டு வந்தவை.

பென்சிலின் கதை குளிரான வேறொரு மலையில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வடமேற்கே பொறோடேல் என்றொரு பள்ளத்தாக்கு. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கறுப்பாக, வழுவழுப்பாக ஒரு காரீயக் (கிராஃபைட்) கட்டி கிடைத்தது. இடையர்கள் ஆட்டுக்கு அடையாளம் போட அதைத்தான் எடுத்தார்கள். 1565இலேயே சூரிச் நகரத்து இயற்கையியலாளர் கொன்ராட் கெஸ்னர், மரப்பிடிக்குள் அந்தக் கட்டியைச் செருகிய எழுதுகோலொன்றைத் தன் நூலில் படத்தோடு காட்டிவிட்டார். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கு உட்பூச்சாகவும் அது உதவியதால், பொறோடேல் காரீயம் பொன்னைப் போலக் காவல் காக்கப்பட்டது. அதைத் திருடுவது பெருங்குற்றம் என்று 1752இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமே இயற்றியது. எங்கள் பிள்ளைகள் கடித்துத் துப்பும் பொருளுக்கு ஒரு காலத்தில் ஆயுதம் தாங்கிய காவல் இருந்தது.

இலங்கையின் காரீயமும் அதே காலத்தில் கண்ணில் பட்டது. 1675இல் ஒல்லாந்தத் தேசாதிபதி றைக்ளொஃப் வான் கூன்ஸ், இத்தீவின் மலைகளில் காரீயம் இருப்பதைக் குறித்து வைத்தார். கறுவாவில் கண்ணாயிருந்த ஒல்லாந்தர் அதைப் பெரிதாகத் தோண்டவில்லை. மேலும் ஒன்றரை நூற்றாண்டு அது மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

இதற்கிடையில் ஜெர்மனியின் நியூரம்பேர்க் நகரம் பென்சில் நகரமாகிக்கொண்டிருந்தது. ஷ்டெட்லர் குடும்பத்தின் பெயர் 1662இலேயே அந்த ஊர்ப் பதிவுகளில் வந்துவிட்டது. பக்கத்திலுள்ள ஸ்டைன் கிராமத்தில் 1761இல் காஸ்பர் ஃபாபர் தன் பட்டறையைத் தொடங்கினார். பொறோடேலின் சுத்தமான கட்டி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தரம் குறைந்த காரீயத்தைத் தூளாக்கிக் கந்தகத்தோடு உருக்கிச் சேர்த்தார்கள். கீறினால் கடதாசி கிழியும். ஆனாலும் விற்றது.

வரைந்ததை அழிக்க அந்நாளில் வழக்கமான வழி பாண்தான். உள்பக்கத்து மெத்தென்ற பகுதியைப் பிசைந்து உருட்டிக் கடதாசியில் ஒற்றுவார்கள். லண்டனில் விஞ்ஞானக் கருவிகள் செய்த எட்வர்ட் நேர்ன், பாண் என்று நினைத்துப் பக்கத்தில் கிடந்த றப்பர்த் துண்டை எடுத்துத் தேய்த்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1770இல் அவர் றப்பர்த் துண்டுகளை விற்றது உண்மை. ஒட்சிசனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசப் பிரீஸ்ட்லி, சித்திரக்காரர்களுக்காக எழுதிய நூலொன்றில் அந்தக் கடையைச் சிபாரிசு செய்திருக்கிறார். அரை அங்குலக் கனசதுரம் மூன்று ஷில்லிங். பல ஆண்டுகளுக்கு வரும் என்றார். மூன்று ஷில்லிங் அக்காலத்தில் கனத்த காசு.

அடுத்த திருப்பம் ஒரு போரால் வந்தது. புரட்சிக்குப் பிந்திய பிரான்ஸ் பிரித்தானியாவோடு மோதியபோது பொறோடேல் காரீயம் பரிஸுக்கு வருவது நின்றுபோனது. நிக்கோலா ஜாக் கோன்டே என்பவரிடம் மாற்றுவழி கேட்டார்கள். அவர் காரீயத் தூளைக் களிமண்ணோடு குழைத்து, குச்சிகளாக்கி, சூளையில் சுட்டார். 1795இல் காப்புரிமையும் பெற்றார். பென்சிலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது என்பேன். களிமண் கூடினால் கோடு வெளிறிக் கடினமாகும், காரீயம் கூடினால் கறுத்து மெதுவாகும் என்ற கணக்கு அவரிடமிருந்துதான் கிடைத்தது. பின்னர் லண்டன் பென்சில்காரர்களிடையே பரவிய எச், பி எழுத்துகள் அந்தக் கலவையின் அளவைத்தான் சொல்கின்றன. 6பி கேட்கும் பிள்ளை, களிமண்ணைக் குறைத்துக் காரீயத்தைக் கூட்டித் தாருங்கள் என்றுதான் கேட்கிறது.

தூளும் களிமண்ணும் போதும் என்றானபின், உலகத்துக்குக் காரீயம் எங்கிருந்தாவது கிடைத்தால் சரி என்றாகியது. அந்த இடத்தில்தான் இலங்கை வருகிறது. இங்கே காரீயம் பாறை வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிறது. சுத்தம் 95 சதவீதத்துக்கும் மேல். 1820கள், 30கள் முதல் அது கப்பலேறியது. மசாசூசெட்ஸிலுள்ள சேலம் துறைமுகத்துக்கு இலங்கைக் காரீயத்தைக் கப்பலின் பாரத்துக்காக ஏற்றிவந்து கடலில் கொட்டினார்கள் என்றும், அதற்கு ஒரு பயன் கண்டவர் ஜோசப் டிக்சன் என்றும் அமெரிக்காவில் ஒரு கதை சொல்வார்கள். அந்த டிக்சன் 1827இல் சேலத்தில் தொடங்கிய தொழில், பிற்காலத்தில் பெரும் பென்சில் கம்பனியாக வளர்ந்தது. பென்சிலைவிட அதிகமாக இலங்கைக் காரீயத்தை விழுங்கியவை உலோகம் உருக்கும் மூசைகள். லண்டனின் மோர்கன் கம்பனியின் மூசைகளில் உலோகம் உருகியதும் எங்கள் காரீயத்தின் உதவியால்தான்.

அழிறப்பரும் சும்மா இருக்கவில்லை. வெயிலில் இளகிக் குளிரில் வெடிக்கும் றப்பரை, 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கந்தகத்தோடு சூடாக்கி நிலையானதாக்கினார். 1858இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹைமன் லிப்மன், பென்சிலின் ஒரு முனையில் அழிறப்பரைப் பொருத்திக் காப்புரிமை வாங்கினார். அதை ஜோசப் ரெக்கன்டோர்ஃபர் என்பவர் பெருந்தொகைக்கு வாங்கி, ஃபாபர் கம்பனிமீது வழக்குப் போட்டார். ஏற்கெனவே இருந்த இரண்டு பொருளை ஒட்டிவைப்பது கண்டுபிடிப்பாகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1875இல் தீர்ப்பளித்தது. அதன்பின் யாரும் அப்படிப் பென்சில் செய்யலாம் என்றானது.

இங்கே ஊவா கதைக்குள் நுழைகிறது. 1869இல் மடுல்சீமைக் கோப்பித் தோட்டத்து இலைகளில் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. கோப்பியைத் துடைத்தெறிந்த இலைநோயின் முதல் அடையாளம் அது. துரைமார் வேறு பயிர் தேடி அலைந்த காலத்தில்தான், 1876இல், ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து 70,000 றப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவற்றில் 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அங்கிருந்து றப்பர் தீவெங்கும் பரவியது. பதுளையின் மேடுகளைத் தேயிலை பிடித்துக்கொண்டது. கீழே, ஊவாவின் சூடான பக்கமான மொனராகலையில் றப்பர் வளர்ந்தது. கோப்பிக்காலம் முதலே மலையேறிய குடும்பங்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்தவை. அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளே இன்று அழிறப்பர் தெரிகிறார்கள்.

பென்சிலுக்கு மஞ்சள் நிறம் வந்ததும் இந்தக் காலத்தில்தான். ஆஸ்திரியாவின் ஹார்ட்மூத் கம்பனி 1889 பரிஸ் கண்காட்சியில் மஞ்சள் பூச்சில் விலையுயர்ந்த பென்சிலொன்றை வைத்தது. பெயர் கோஹினூர், பஞ்சாபிலிருந்து பிரித்தானியர் கொண்டுபோன வைரத்தின் பெயர். தரங்கள் பதினேழு. உடனே எல்லோரும் மஞ்சளைக் காப்பியடித்தார்கள். கிழக்கத்திய வாசனை விற்கும் என்று கண்ட அமெரிக்கர்கள் தங்கள் பென்சிலுக்கு மொங்கோல், மிக்காடோ என்று பேர் வைத்தார்கள். ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியதும் மிக்காடோ சத்தமில்லாமல் மிராடோ ஆகிவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த ஆள் ஒரு தமிழர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியைக் கலை ஆய்வாளராகத்தான் அறிவோம். அவர் தொடங்கியது பாறைகளில். 1900இல் லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் ஏட்டில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றிக் கட்டுரை எழுதினார். பின் இலங்கைக் கனிம ஆய்வுக்கு முதல் பணிப்பாளரானார். கல் தேடிக் கிராமம் கிராமமாக நடந்தவர், அங்கிருந்த சித்திரங்களையும் கைவினைகளையும் கண்டு வழிமாறினார். 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல், ஆங்கிலக் கைவினைக் கலைஞர் வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய அச்சு எந்திரத்திலேயே அச்சானது. 1910இல் இந்தியக் கோட்டோவியங்கள் பற்றி இன்னொரு நூல். காரீயம் எப்படி உண்டாகிறது என்று கேட்ட அதே மனிதர், கோடு எப்படிச் சித்திரமாகிறது என்றும் கேட்டார்.

காரீயச் சுரங்கங்கள் ஈட்டிய பணம் அரசியலுக்குள் போனது. குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹ சுரங்கத்தை வைத்திருந்த அத்திகல குடும்பத்தின் பேரன் சேர் ஜோன் கொத்தலாவலை, 1953இல் பிரதமரானார். முதல் பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் தந்தை டொன் ஸ்பேட்டரும் காரீயத்தால் செல்வந்தரானவர். முதல் உலகப் போரில், 1916இல், காரீய ஏற்றுமதி 33,000 டொன்னைத் தாண்டியது. ஆயுதத் தொழிற்சாலைகளின் மூசைகள் அவ்வளவு கேட்டன. சேனாநாயக்கவின் அரசாங்கம் 1948இல் கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தக் காயம் சட்டப்படி மூடியது 2003இல். லயத்துப் பிள்ளைகள் ஒற்றையாசிரியர் தோட்டப் பாடசாலைகளில் சிலேட்டோடு இருந்ததையும், 1970களில் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மாறத் தொடங்கியதையும் இந்த வரலாற்றோடு சேர்த்தே சொல்லவேண்டும். சித்திரக் கொப்பி எல்லாப் பிள்ளைக்கும் ஒரே காலத்தில் கிடைத்துவிடவில்லை.

கடதாசி சீனாவிலிருந்து சமர்கந்து, பக்தாத் வழியாக ஐரோப்பா போன நெடும்பயணம் தனிக்கட்டுரை கேட்கும். நமக்கு நெருங்கியது வாழைச்சேனை. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது திட்டமிடப்பட்ட அந்தக் காகித ஆலை, 1956இல் இயங்கத் தொடங்கி, வைக்கோலைக் கடதாசியாக்கியது. பல காலம் கொப்பிகளுக்குத் தாள் தந்து, பின்னர் ஆலை தளர்ந்தது. 2022 மார்ச்சில் டொலர் இல்லாமல் கடதாசி இறக்குமதி நின்று, மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின. சொந்தக் கடதாசியின் அருமை அப்போது எல்லோருக்கும் உறைத்தது.

1958இல் அமெரிக்கர் லெனார்ட் ரீட், ஒரு பென்சில் தன் கதையைத் தானே சொல்வதாகப் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அந்தப் பென்சில், தன் காரீயம் இலங்கையில் தோண்டப்பட்டது என்று சொல்கிறது. தோண்டிய தீவு தனக்கான பென்சிலைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டுதான்: 1959இல் சிலோன் பென்சில் கம்பனி. அதன் அட்லஸ் பென்சிலைக் கையில் பிடிக்காத இலங்கைப் பிள்ளை அபூர்வம்.

இன்றைய வெள்ளை அழிறப்பரில் பெரும்பாலும் றப்பர்ப்பால் இல்லை. அது பிவிசி பிளாஸ்டிக். கோடுகளைச் சுத்தமாக எடுப்பதில் அதுதான் சிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மொனராகலைப் பால் டயருக்கும் கையுறைக்கும் போகிறது. பொகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் இன்னும் காரீயம் தோண்டுகிறார்கள். வாங்குபவர்கள் இப்போது மின்கலக்காரர்களும்தான்.

பதுளையில் வடகீழ்ப் பருவமழை பிடித்தால் கடதாசி ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். அந்நாட்களில் கடினமான எச் பென்சில் பள்ளம் விழுத்தும். பலமாக அழித்தால் தாளின் மேல்தோல் பஞ்சாய் எழும்பும். ஆகவே கொஞ்சம் சொரசொரப்பான, தடித்த தாளும், கை அமுக்காமலே கறுக்கும் 2பியும் போதும். நல்ல அழிறப்பருக்குக் காசு இல்லாத பிள்ளை, பட்டர் பூசாத பாணின் உள்பகுதியைப் பிசைந்து, 6பி நிழல்மேல் தேய்க்காமல் ஒற்றிப் பார்க்கட்டும். நேர்னுக்கு முந்திய சித்திரக்காரர்கள் பலரும் செய்தது அதைத்தான். இன்றும் அது வேலை செய்கிறது.