அவையச்சமும் பொய்யவையும்

அவை நடுவே அஞ்சாது பேசவல்லார் சிலரே என்று கண்ட வள்ளுவர், அவையஞ்சாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். அவ்வச்சத்தைப் படிப்படியாகத் தணிக்கும் மருத்துவமோ அண்மைக் காலத்தது.

1924இல் வெளியான ஆய்வில் அமெரிக்க உளநூலறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய சிறுவன் உண்ணும்போது அதனைச் சிறிது சிறிதாக அருகே கொணர்ந்தார். இறுதியில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். 1958இல் ஜோசப் வோல்பி இம்முறையை நெறிப்படுத்தி நூல் செய்தார். 1995இல் பார்பரா ரோத்பாம் குழுவினர் கணினி புனைந்த காட்சிகளால் உயர அச்சத்தைத் தணித்தனர். பின்னர் மேடையச்சம் உடையார்க்கெனப் பொய்யவையே கூட்டப்பட்டது.

மலாக்காத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, மலாய்வழி இடைநிலைப்பள்ளி புகும் மாணாக்கருட் சிலர் வகுப்பில் வாய் திறவார். அதனை அடக்கமென்று நாம் பாராட்டிவிடுகிறோம்! கருவி இல்லாவிடினும் படிகள் நம் கையில் உள்ளன: முதலில் ஒரு தோழன், பின் நால்வர், பின் வகுப்பு; சபைகூடல் மேடை ஈற்றில். நாமோ பெரும்பாலும் மேடையிலேயே தொடங்குகிறோம்.