மேகத் திட்டும் கருந்துளையும்

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர், 1794இல் சென்னையில் தொடங்கப்பெற்ற நில அளவைப் பள்ளியில் உள்ளது. அதற்கு வித்திட்ட மைக்கேல் டாப்பிங், நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வுக் கூடத்துக்கும் காரணமானவர். மண்ணில் ஓரிடத்தின் நிலையை அறிய விண்மீன்களை அளக்க வேண்டியிருந்தமையே இவ்விரு பணிகளையும் இணைத்தது.

அளந்தறியும் இம்மரபு முஸ்லிம்களுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபீ (903–986), தாலமியின் விண்மீன் பட்டியலை அப்படியே ஏற்காமல், ஒளியளவுகளைத் தம் கண்ணால் நோக்கித் திருத்தினார். 964இல் அவர் இயற்றிய 'ஸுவருல் கவாகிப்' என்னும் நூலில், ஆந்திரோமீடா விண்மீன் குழுவருகே ஒரு மேகத் திட்டையும் குறித்தார். அது சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனியொரு விண்மீன் மண்டலம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று. அதன் நடுவே, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட சூரியன்களின் நிறைகொண்ட கருந்துளை உள்ளது.

கருந்துளை பற்றிய சிந்தனைக்கு வழிகோலியவர்களுள் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவர், குறிப்பிட்ட நிறைக்கு மேற்பட்டால் விண்மீன் வெண்குறளாக நிலைபெற இயலாதெனக் கணக்கிட்டார். 1935இல் எடிங்டன் அதனை எள்ளினார். 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

நமது பால்வெளியின் நடுவிலுள்ள கருந்துளையும் அளவையாலேயே அறியப்பட்டது. அதனை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றும் விண்மீனைப் பல்லாண்டு கண்காணித்து, அதன் நிறை சுமார் 40 இலட்சம் சூரியன்கள் என கென்செல், கெஸ் ஆகியோரின் குழுக்கள் கணித்தன. அவ்விருவரும் 2020இல் நோபல் பரிசில் பங்குபெற்றனர். 2022இல் அக்கருந்துளையின் நிழலுருவம் வெளியாயிற்று.

இங்கு நாம் சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. அல்வாகிஆ அத்தியாயம் கூறும் 'மவாகிஉந் நுஜூம்' கருந்துளைகளே என்று நம் மேடைகளில் சிலர் முழங்குகின்றனர். விண்மீன்கள் மறையுமிடங்கள் என்றும், திருக்குர்ஆன் பகுதி பகுதியாக அருளப்பட்டமை என்றும் முற்கால விரிவுரையாளர்கள் அதற்குப் பொருள் கண்டனர். பிறர் கண்டறிந்த பின்னர் நாம் உரிமை கோருவது இறைமறைக்குப் பெருமை சேர்க்காது. நாளை அறிவியல் முடிவு மாறினால், வசனத்தின்மீதே ஐயம் விழும்.

வானத்தைச் சிந்திக்கச் சொல்லும் கட்டளையை ஸூஃபீ உழைப்பால் நிறைவேற்றினார். தொழுகை நேரமும் கிப்லாவும் கணிக்கும் ஃபலக் பாடத்தோடு அவருடைய நூலையும் நம் அரபுக் கல்லூரிகளில் பயிற்றுவித்து, மாணவரை இரவு வானின்கீழ் நிறுத்தினால், அந்த மேகத் திட்டை அவர்களும் காண்பர்.