ரேந்தை ஊசியும் பத்து பி.ஏ.வும்

நாஞ்சில் நாட்டுச் சேரிகளில் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஒரு பேச்சு கிளம்பும். "காலேஜுக்குப் போயி என்னத்துக்கு மக்கா? கோணம் ஐ.டி.ஐ.ல ஒரு டிரேடு படி. கையில தொழில் இருந்தா பட்டினி இல்ல." பெற்ற தாயும் சொல்லுவாள், வயலுக்குச் சொந்தக்காரரும் சொல்லுவார். சொல் ஒன்றுதான், வாய்கள் வேறு. இந்த வேறுபாடு புரிய நம் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் கைத்தொழிலுக்குக் குறைச்சலில்லை. வடசேரியில் கோவில் நகை, மயிலாடியில் கல்சிற்பம். ஆனால் அவை சாதிக்குள்ளேயே அப்பனிடமிருந்து மகனுக்குக் கைமாறியவை. பறையருக்கும் புலையருக்கும் மிஞ்சியது சேறு. விதையும் மண்ணும் மழையும் அறிந்த அந்த அறிவுக்கு 'வித்தை' என்று பேரில்லை, 'ஊழியம்' என்றுதான் பேர். ஆளையே விற்றார்கள், வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான்.

அதற்கு முன்பே, 1820-களில், லண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் துரையின் மனைவி நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, ரேந்தை பின்னவும் கற்றுக்கொடுத்தார். அங்கே படித்த அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்லுகின்றன. கைத்தொழில் விலங்கை அறுத்த கதை இது. இரண்டை மறக்கக்கூடாது: அது அப்பன் ஆத்தா தொழில் அல்ல, ஊசியோடு எழுத்தும் சேர்ந்தே வந்தது.

எழுத்து சும்மா வரவில்லை. 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று வேலைநிறுத்தம் நடத்தினார். அவர் எழுதப் படிக்கக் கற்றவரல்ல. 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூர் வந்தபோது, தம் மக்களிலிருந்து பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்கவேண்டும் என்றார். நிலம் கேட்டவர், கூலி கேட்டவர், அன்று கேட்டது டிகிரி. அதே ஆண்டு அக்டோபரில் வார்தாவில் காந்தி முன்வைத்ததோ கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வி.

1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப்பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழில் பழகணுமாம். வெட்டியான் பிள்ளை எதைப் பழகுவான்? குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் கொதித்தது. 1954-இல் காமராஜர் ஆட்சி அதைக் கைவிட்டது. குமரி அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திட்டம் இங்கே கால் வைக்கவில்லை.

ஐ.டி.ஐ. வேறு வகை. 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் பிறந்தது. பிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர் எல்லாம் பரம்பரை கேட்காத தொழில்கள். இடஒதுக்கீட்டில் சீட், கையில் அரசாங்கச் சான்று. பட்டறை வாசலில் நிறுத்தப்பட்டவனின் பேரன் லேத் ஓட்டுவது சின்ன விஷயமல்ல. அதைக் கேவலமாகப் பேசுகிற நம் பட்டதாரிகள் யோசிக்க வேண்டும்.

ஆனால் குலக்கல்வி செத்துப்போகவில்லை. 2023-இல் மத்திய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை வந்தது. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, இப்படியே என்றால் நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று எழுதியது. சரியான பதில்.

ஐ.டி.ஐ.யா காலேஜா என்பதல்ல சண்டை. இரண்டு கதவும் திறந்திருந்து, பிள்ளையே ஒன்றில் நுழைந்தால் அது தேர்வு. காலேஜ் கதவைச் சாத்திவிட்டு மற்றதைக் காட்டினால் அது பழைய ஊழியம். தாய் சொல்லுவது பீஸ் கட்ட வழியில்லாத கணக்கு. அதற்கு ஸ்காலர்ஷிப்பும் ஹாஸ்டலும் கேட்டுப் போராட நாம் இருக்கிறோம். வயல்காரர் சொன்னால் ஒரு கேள்வி போதும்: "ஒங்க மவனை எங்க சேத்திருக்கீரு?"